ஒற்றைக் காலில் நிற்கும் கணக்கு

இந்தக் கட்டுரையைப் படிக்கத் தொடங்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். எழுந்து, சுவருக்கு அருகில் நின்றுகொண்டு, ஒரு காலைத் தூக்குங்கள். கையால் எதையும் பிடிக்கக்கூடாது. நண்பர் ஒருவரை விநாடி எண்ணச் சொல்லுங்கள். பிறகு காலை மாற்றி நின்று பாருங்கள். இரண்டு எண்களையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அவை தேவைப்படும்.

தென்காசி மாவட்டத்தில் உள்ள சங்கரன்கோவிலில் ஆடித்தபசு விழா புகழ்பெற்றது. கோமதி அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தாள் என்பது அவ்வூர்த் தலக்கதை. விழா நாள்களில் 'ஆடிச்சுற்று' என்று வேண்டிக்கொண்டு, கோயிலுக்குள் சுற்றிச் சுற்றி நடப்பவர்கள் பலர். ஒற்றைக் காலில் நிற்கும் அம்மனின் கால் வலியில் தாங்களும் பங்கு கொள்வதாக அவர்கள் சொல்வார்கள். நம்பிக்கை அவரவருடையது. நமக்கு வேண்டியது அதில் ஒளிந்திருக்கும் ஒரு கேள்விதான். ஒற்றைக் காலில் நிற்பது தவம் என்று சொல்லும் அளவுக்கு ஏன் கடினமாக இருக்கிறது? இரண்டு கால் சுமந்ததை ஒரு கால் சுமக்கிறது. அப்படியானால் இரண்டு மடங்கு கடினம், அவ்வளவுதானே?

இல்லை. கணக்கு அப்படி வருவதில்லை.

தளராத பாவு

சங்கரன்கோவில் நெசவாளர் ஊர். இப்போது அங்கே கேட்பது பெரும்பாலும் விசைத்தறிகளின் சத்தம். என் தாத்தா மட்டும் குழித்தறியை விடாதவர். தறியில் உட்கார்ந்ததும் அவர் முதலில் செய்வது, நீட்டிக் கட்டிய பாவை உள்ளங்கையால் இலேசாக அழுத்திப் பார்ப்பது. பாவு தளர்ந்திருந்தால் துணி நெகிழ்ந்து போகும்; அதிகமாக முறுக்கினால் இழை அறும். நெய்யாதபோதும் பாவில் ஓர் இழுவிசை இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

நம் தசைகளுக்கும் இப்படி ஓர் இழுவிசை உண்டு. ஒருவர் தம் கையைத் தளரவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, அவருடைய முழங்கையை நீங்கள் மெல்ல மடக்கி நீட்டினால் மிகச் சிறிய எதிர்ப்பு தெரியும். நனைந்த துணியைப் போலத் துவளாது. கட்டையைப் போல விறைக்கவும் செய்யாது. இந்த எதிர்ப்பைத்தான் மருத்துவர்கள் 'டோன்' என்கிறார்கள். இழுத்துக் கட்டிய நாண் அல்லது தந்தி என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. நாம் 'தசை இறுக்கம்' என்று வைத்துக்கொள்வோம்.

இந்த இறுக்கம் எங்கிருந்து வருகிறது? ஓய்வாக இருக்கும் தசையிலும் சில இழைகள் முறை வைத்துச் சுருங்கிக்கொண்டே இருக்கின்றன என்று பழைய பாடநூல்கள் எழுதின. தசையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் கருவிகள் வந்தபின் இந்தக் கருத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. நலமான ஒருவர் முழுவதும் தளர்ந்து படுத்திருந்தால், அவருடைய கைத் தசையில் பெரும்பாலும் மின்துடிப்பே இருப்பதில்லை. அப்போது தெரியும் மெல்லிய எதிர்ப்பு தசையின் சொந்த மீள்தன்மை. தசை இழைகளுக்குள் 'டைட்டின்' என்ற மிக நீளமான புரதம் சுருள்வில்லைப் போலிருந்து இதற்கு உதவுகிறது. ஆனால் எழுந்து உட்கார்ந்தால், நின்றால் நிலைமை வேறு. உடனே நரம்பு மண்டலம் தசைகளுக்கு இடைவிடாமல் ஆணை அனுப்பத் தொடங்கிவிடும்.

மதிய வேளையில் திருநெல்வேலி பஸ்ஸில் போகிறவர்களைக் கவனியுங்கள். விழித்திருக்கும்வரை எல்லாருடைய தலையும் நிமிர்ந்தே இருக்கும். தலையை நிமிர்த்தியிருக்கிறோம் என்று யாரும் நினைப்பதுகூட இல்லை. கண் சொக்கியதும் கழுத்துத் தசையின் இறுக்கம் குறைகிறது, தலை சரிகிறது, சரிந்த அதிர்ச்சியில் 'வெடுக்'கென்று நிமிர்கிறது. மறுபடி சரிகிறது. பக்கத்து இருக்கைக்காரர் தோளைக் கொடுத்தால்தான் தீரும். ஆழ்ந்த தூக்கத்தில் கனவு வரும் கட்டத்தில், மூச்சுத் தசையும் கண் தசைகளும் தவிர உடலின் பெரும்பாலான தசைகள் இறுக்கத்தை இழந்துவிடுகின்றன. கனவில் ஓடுகிறவன் கட்டிலைவிட்டு ஓடாமல் இருப்பது அதனால்தான்.

தசைக்குள் ஒரு கதிர்

நூல் சுற்றும் கதிரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நடு தடித்து முனைகள் மெலிந்த உருவம். ஏறத்தாழ அதே உருவத்தில், சில மில்லி மீட்டர் நீளமுள்ள நுண்ணிய உறுப்புகள் நம் தசைகளுக்குள் புதைந்து கிடக்கின்றன. அவற்றுக்குத் தசைக்கதிர் என்றே பெயர். தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீளுகிறது என்று அளந்து சொல்வது இவற்றின் வேலை.

முழங்காலுக்குக் கீழே மருத்துவர் சிறு சுத்தியலால் தட்டினால் கால் தானாகத் துள்ளுகிறதல்லவா? எர்ப், வெஸ்ட்ஃபால் என்னும் இரண்டு ஜெர்மானிய மருத்துவர்கள் 1875-இல் தனித்தனியே இதைப் பற்றி எழுதினார்கள். தட்டும்போது முன்தொடைத் தசை ஒரு கணம் இழுபடுகிறது. கதிர்கள் அதை உணர்ந்து தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. செய்தி விநாடிக்குச் சுமார் 60 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. தண்டுவடத்தில் ஒரே ஓர் இணைப்பைக் கடந்து, 'சுருங்கு' என்ற ஆணையாகத் திரும்பி வருகிறது. போக வர எல்லாம் சேர்த்துச் சுமார் 25 மில்லி விநாடி. மூளையின் அனுமதியை யாரும் கேட்பதில்லை.

துள்ளுவதற்காக இந்த ஏற்பாடு அமையவில்லை. இங்கிலாந்தில் சர் சார்லஸ் ஷெரிங்டனும் லிடலும் 1924-இல் வெளியிட்ட ஆய்வில் இதன் பொருள் விளங்கியது. தசையைச் சில மில்லி மீட்டர் இழுத்தாலே அது எதிர்த்து இழுத்தது. இழுத்துப் பிடித்திருக்கும்வரை எதிர்த்துக்கொண்டே இருந்தது. நிற்கும்போது முழங்கால் இம்மி மடங்கினால் முன்தொடைத் தசை நீளும். நீண்ட தசை உடனே சுருங்கி முழங்காலை நிமிர்த்தும். ஷெரிங்டன் நரம்பணுக்களைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1932-இல் ஏட்ரியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கதிரைப் பற்றி இன்னொரு செய்தி. அதன் இரு முனைகளிலும் மிகச் சிறிய தசை இழைகள் உள்ளன; அவற்றுக்குத் தனி நரம்பும் உண்டு. அந்த நரம்பின் வழியாக மூளை, கதிரின் கூர்மையைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். தாத்தா பாவின் கயிற்றை ஒரு சுற்று இறுக்குவார், அல்லது அரைச் சுற்றுத் தளர்த்துவார் அல்லவா, அதைப் போல. நாய் துரத்தும் என்ற பயம் வந்தால் உடம்பு முழுவதும் விறைப்பதும், பரீட்சை முடிந்த மாலையில் தோள் தொய்வதும் மேலிருந்து வரும் ஆணைகள் மாறுவதால்தான்.

இடுப்பில் ஒரு தராசு

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். 40 கிலோ எடையுள்ள ஒரு மாணவி வலக்காலில் மட்டும் நிற்கிறாள். இயற்பியல் ஆசிரியர் விசையை நியூட்டனில்தான் சொல்ல வேண்டும் என்பார். அவர் கோபித்துக்கொள்ளட்டும், இங்கே கிலோ எடை என்றே கணக்கிடுவோம்.

ஊன்றிய காலின் எடை உடல் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. இவளுக்குச் சுமார் 7 கிலோ. மீதி 33 கிலோவும் வலது இடுப்பு மூட்டின் மேல் தாங்கப்பட வேண்டும். ஆனால் அந்த 33 கிலோ மூட்டுக்கு நேர் மேலே இல்லை. உடலின் நடுக்கோட்டை ஒட்டி, மூட்டிலிருந்து சுமார் 10 செ.மீ. உள்தள்ளி இருக்கிறது. எனவே இடுப்பெலும்பு இடப்பக்கம் சரியப் பார்க்கும். சரியவிடாமல் வெளிப்பக்கத்திலிருந்து இழுத்துப் பிடிப்பது பிட்டத்தின் பக்கவாட்டில் உள்ள தசைகள். பேண்ட் பையில் கையை நுழைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றால், அந்தத் தசை கல்லாக இறுகுவது விரலுக்குத் தெரியும். அது மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான் இழுக்கிறது.

நெம்புகோல் விதி நினைவிருக்கிறதா? 33-ஐ 10-ஆல் பெருக்கினால் 330. தசையின் விசையை 5-ஆல் பெருக்கினாலும் 330 வர வேண்டும். ஆகவே தசை 66 கிலோ விசையுடன் இழுக்கிறது! மூட்டு சும்மா இருக்குமா? மேலே உள்ள 33-ஐயும், தசை கீழ்நோக்கி இழுக்கும் 66-ஐயும் அதுதான் தாங்குகிறது. கூட்டினால் 99. உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு.

இரண்டு காலில் நிற்கும்போது எடை நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமமாகப் பிரிந்து நிற்பதால், இந்தப் பக்கத் தசைகளுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. இரு கால்களை நீக்கியபின் எஞ்சும் சுமார் 26 கிலோவில் ஒவ்வொரு மூட்டுக்கும் 13 கிலோதான். ஒரு காலைத் தூக்கியதும் 13 கிலோ 99 ஆகிவிடுகிறது. தவம் என்று சொன்னவர்கள் கணக்குப் போடாமலே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

தவம் செய்யாதவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. நடக்கும்போது என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். ஒரு கால் முன்னே வீசும்போது மற்றொன்று மட்டுமே தரையில் இருக்கிறது. சாதாரண நடையில் இரு பாதங்களும் சேர்ந்து தரையில் இருப்பது ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான். மீதி நேரமெல்லாம் ஒற்றைக் கால் நிலை. ஆடிச்சுற்று சுற்றுகிறவர் அடிக்கு அடி இதைத்தான் செய்கிறார்.

இந்த இடுப்புத் தசைகள் பலவீனமானால்? ஊன்றிய பக்கம் இழுத்துப் பிடிக்க ஆளில்லாமல், தூக்கிய காலின் பக்கம் இடுப்பு கீழே இறங்கிவிடும். ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் 1895-இல் இதை விளக்கினார். அப்படிப்பட்டவர் நடக்கும்போது உடலையே பலவீனமான காலின் பக்கம் சாய்த்து, எடையை மூட்டுக்கு மேலே கொண்டுவந்து சமாளிப்பார். பார்ப்பவர்களுக்கு அது சாய்ந்து சாய்ந்து நடப்பதாகத் தெரியும். உண்மையில் நெம்புகோலின் ஒரு கையைக் குறைக்கும் புத்திசாலித்தனம் அது. 10 செ.மீ. 3 செ.மீ. ஆனால் தசைக்கு எவ்வளவு மிச்சம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

உங்கள் ஊரில் நடுவயதைத் தாண்டியவர்களில் இப்படி நடக்கும் சிலரையாவது பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலர் குழந்தையாக இருந்தபோது போலியோ தாக்கியவர்கள். போலியோ வைரஸ் தண்டுவடத்தில் தசைகளுக்கு ஆணை அனுப்பும் நரம்பணுக்களையே அழித்துவிடுகிறது. கதிர் செய்தி அனுப்பினாலும் பதில் சொல்ல ஆளில்லை. தசை துவண்டு மெலிந்துபோகிறது. இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் கடைசியாக ஒருவர் நோயுற்றது 2011 ஜனவரியில். 2014 மார்ச் 27 அன்று நம் நாடு போலியோ ஒழிந்த நாடென்று சான்று பெற்றது. உங்கள் வகுப்பில் அந்த நடை இல்லாததற்குச் சொட்டு மருந்துதான் காரணம். அந்த நடையைப் பார்த்துப் போலி செய்து சிரிக்கும் பையன்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த 66 கிலோ கணக்கைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.

ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிக்க வேண்டும் என்பதும் இதே கணக்குதான். வலக்கால் வலித்தால் வலக்கையில் பிடிக்கத்தான் பலருக்குத் தோன்றும். அது தவறு. இடக்கையில் பிடித்தால் கோல் வலது மூட்டிலிருந்து சுமார் 40 செ.மீ. தள்ளி இருக்கும். அதில் வெறும் 4 கிலோ ஊன்றினாலே 160 கிடைத்துவிடுகிறது. 330-இல் அதைக் கழித்தால் 170. தசை இழுக்க வேண்டியது 34 கிலோ மட்டுமே. மூட்டின் சுமை 99-லிருந்து 63-க்கு இறங்குகிறது.

இனி ஒரு வேடிக்கை. உங்கள் வலத்தோளும் வலப்பாதத்தின் வெளி விளிம்பும் சுவரை ஒட்டியிருக்கும்படி நில்லுங்கள். இப்போது இடக்காலைத் தூக்குங்கள். எழும்பாது! எழும்பினாலும் நிற்காது. ஒரு காலைத் தூக்குமுன், நாம் அறியாமலே உடலை மற்றக் காலின் பக்கம் நகர்த்துகிறோம். சுவர் அதைத் தடுத்துவிடுகிறது. அசைவு தொடங்குமுன்பே அதனால் வரப்போகும் சரிவை மூளை எதிர்பார்த்துச் சரிசெய்கிறது என்பதற்கு வீட்டுச் சுவரே சாட்சி.

கண்ணை மூடினால்

முதலில் எடுத்த எண்களைப் பாருங்கள். இப்போது அதே சோதனையைக் கண்ணை மூடிச் செய்யுங்கள். நண்பர் பக்கத்தில் தாங்கிக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும். மொட்டைமாடி ஓரத்தில் இந்த விளையாட்டு கூடவே கூடாது. எண் சரசரவென்று இறங்கியிருக்கும்.

நிற்பதற்கு மூளை மூன்று இடங்களிலிருந்து செய்தி கேட்கிறது. ஒன்று கண். இரண்டு உட்செவியில் உள்ள அரைவட்டக் குழல்களும் அவற்றின் அருகிலுள்ள சிறு பைகளும். தலை எப்படித் திரும்புகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று இவை சொல்கின்றன. மூன்று, தசைக்கதிர்களும் மூட்டுகளும் உள்ளங்காலின் தோலும். ஒன்றை மூடினால் மற்ற இரண்டும் சமாளிக்க வேண்டும். இரு காலில் நின்று கண்ணை மூடினாலே ஒருவர் தள்ளாடி விழப் பார்த்தால், கால்களிலிருந்து வரும் செய்தி தடைப்பட்டிருக்கலாம் என்று மருத்துவர்கள் ஐயுறுவார்கள். ரோம்பெர்க் என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரால் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இந்தச் சோதனை வழங்குகிறது.

பூமியின் இழுப்பே இல்லாவிட்டால் இந்த ஏற்பாடுகள் எல்லாம் வேலையற்றுப் போகும். விண்வெளியில் நிற்க வேண்டியதில்லை. முதுகும் கெண்டைக்காலும் மெலியத் தொடங்கும். 1984 ஏப்ரலில் சல்யூத்-7 நிலையத்துக்குச் சென்ற ராகேஷ் சர்மா, எடையின்மையின் தீங்குகளைக் குறைக்க யோகப் பயிற்சி உதவுமா என்று அங்கே தம் உடம்பிலேயே சோதித்தார். 2025-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்ற சுபான்சு சுக்லாவின் ஆய்வுகளில் ஒன்றும் தசை மெலிவைப் பற்றியதே.

கை பார்த்துக்கொள்ளும்

குழித்தறியில் நெசவாளர் செய்யும் வேலையைச் சொல்லுகிறேன். கால்கள் குழிக்குள் மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கின்றன. பாவு மேலும் கீழுமாகப் பிரிகிறது. வலக்கை கயிற்றைச் சுண்டுகிறது. நாடா பிரிந்த பாவுக்கிடையே பாய்ந்து ஊடையை விட்டுச் செல்கிறது. இடக்கை அச்சை இழுத்து ஊடையை அடித்துச் சேர்க்கிறது. நாடா கடக்குமுன் மிதி மாறினால் நாடா பாவில் சிக்கும். சுண்டுவதில் வேகம் குறைந்தால் அது பாதிவழியில் நிற்கும்.

சிறு வயதில் ஒரு நாள் கேட்டேன்: "தாத்தா, நாடாவைப் பாக்காமலே எப்படி நெய்றீங்க?"

"நான் எங்கலே நெய்றேன்? கை பாத்துக்கிடும், காலு பாத்துக்கிடும். நடுவுல நான் பூந்து பாத்தேன்னா இழை அந்துரும்."

அவர் சொன்னதில் ஆழ்ந்த உடலியல் இருக்கிறது என்று பிற்பாடுதான் தெரிந்தது. 1920-களில் மாஸ்கோவில் நிகொலாய் பெர்ன்ஸ்டைன் என்பவர் தொழிலாளர்களின் உடலில் சிறு விளக்குகளைக் கட்டி, அவர்கள் உளியை அடிப்பதை அடுத்தடுத்துப் படமெடுத்தார். தேர்ந்த தொழிலாளியின் சுத்தியல் முனை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே பாதையில் போயிற்று. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோணங்களில் அசைந்தன! ஒரு மூட்டின் சிறு பிழையை மற்றொரு மூட்டு ஈடு செய்தது. தேர்ச்சி என்பது அச்சுப் பிசகாமல் அதே அசைவைச் செய்வது என்று நாம் நினைக்கிறோம். பெர்ன்ஸ்டைன் கண்டது வேறு: ஒவ்வொரு முறையும் புதிதாகச் சரிசெய்து, அதே முடிவை எட்டுவதுதான் தேர்ச்சி.

புதிதாகச் சைக்கிள் கற்பவன் கைப்பிடியை நெரித்துப் பிடிக்கிறான், மூட்டுகளையெல்லாம் பூட்டிவிடுகிறான். எதிரெதிர்த் தசைகள் இரண்டும் ஒரே சமயத்தில் இறுகுவதால் அசைவு வெட்டி வெட்டி வருகிறது. சீக்கிரம் களைத்தும் போகிறான். பழகப் பழக, ஒன்று சுருங்கும்போது எதிர்த் தசை விட்டுக்கொடுக்கிறது. இந்த விட்டுக்கொடுப்பும் தண்டுவடத்தில் நடப்பதே. அதையும் ஆராய்ந்தவர் ஷெரிங்டன்தான். எந்தத் தசை, எப்போது, எவ்வளவு என்று நேரம் பிசகாமல் பார்த்துக்கொள்வது தலையின் பின்புறம் உள்ள சிறுமூளை. முதல் உலகப் போரில் குண்டடிபட்டுச் சிறுமூளை சிதைந்த வீரர்களை கோர்டன் ஹோம்ஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்தார். அவர்களுக்குப் பக்கவாதம் இல்லை. ஆனால் தசை இறுக்கம் குறைந்திருந்தது. மூக்கைத் தொடச் சொன்னால் விரல் இலக்கைத் தாண்டிப் போயிற்று. முன்பு தானாக ஓடிய அசைவை இப்போது கட்டங்கட்டமாக எண்ணிச் செய்ய வேண்டியிருந்தது.

வலம் பாதி, இடம் பாதி

சங்கரன்கோவிலின் சங்கரநாராயணர் திருமேனி வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். ஒரு பாதியில் சடை, மறுபாதியில் மகுடம். நம் உடம்பையும் இப்படி நடுக்கோடு போட்டுப் பிரித்தால் இரு பாதியும் ஒன்றா? வெளியே ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே இதயம் இடப்புறம் சாய்ந்திருக்கிறது, கல்லீரல் பெரும்பகுதி வலப்புறம். சிறுவயதிலிருந்து டென்னிஸ் ஆடுபவர்களின் மட்டைபிடிக்கும் கையில் எலும்பே தடித்திருக்கும். நீங்கள் குறித்த இரு கால்களின் எண்களிலும் சிறு வேறுபாடு இருந்திருக்கும். அதனால் அஞ்ச வேண்டாம். இம்மியும் பிசகாத சமச்சீர் யாருக்கும் இல்லை.

கவனிக்க வேண்டிய வேறுபாடுகளும் உண்டு. காலைச் சேர்த்து நின்று, முழங்காலை மடக்காமல் முன்னே குனியுங்கள், கைகள் தொங்கட்டும். பின்னாலிருந்து நண்பர் பார்க்கட்டும். முதுகின் ஒரு பக்கம் மட்டும் மேடாக எழும்பித் தெரிந்தால், முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கலாம். வேகமாக வளரும் 10 முதல் 15 வயதில்தான் இந்த வளைவு கூடும். மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். புத்தகப் பையை ஒரே தோளில் மாட்டுவதால் தோளும் முதுகும் வலிக்கலாம். எலும்பு வளைவுக்கு அது காரணமில்லை. வீட்டில் வேறு மாதிரி சொல்லித் திட்டினால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். பையை இரு தோளிலும் மாட்டிக்கொண்டே காட்டுங்கள்.

இரு பாதிகளையும் ஆளும் முறைதான் விந்தையானது. உடலின் வலப்பாதிக்கு ஆணை அனுப்புவது இடப்பக்க மூளை. இடப்பாதிக்கு வலப்பக்க மூளை. மூளையிலிருந்து இறங்கும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை, தண்டுவடத்துக்குச் சற்று மேலே முகுளத்தில் ஒன்றையொன்று குறுக்கே கடந்து பக்கம் மாறுகின்றன.

2011-இல் ஆடித்தபசுக்கு மறுநாள் காலை, தாத்தாவின் வலக்கையிலிருந்து தறிக்கயிறு நழுவியது. மறுபடி எடுத்தார்; மறுபடி நழுவியது. ஏதோ சொல்ல வந்தார், சொல் குழறியது. வாய் இடப்பக்கம் கோணியிருந்தது. "காத்து அடிச்சிருக்கும்" என்றார்கள் பெரியவர்கள். இடப்பக்கக் கன்னத்தில் சுடுஎண்ணெய் தேய்த்துப் படுக்க வைத்தார்கள். மறுநாள் காலை அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

எண்ணெய் தேய்த்த கன்னம் நலமான கன்னம். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு கட்சி கயிற்றை விட்டுவிட்டால் என்ன ஆகும்? மற்றக் கட்சி தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வலக்கன்னத் தசைகள் இறுக்கம் இழந்ததால் இடக்கன்னத் தசைகள் வாயைத் தம் பக்கம் இழுத்தன. நெற்றி மட்டும் இருபுறமும் சுருங்கியது. நெற்றித் தசைக்கு மூளையின் இரு பாதியிலிருந்தும் ஆணை வருவதால், ஒரு பாதி கெட்டாலும் அது தப்பிவிடுகிறது.

மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" என்பதே. நேற்றுக் காலை என்றோம். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஸ்கேன் படத்தில், இடப்பக்க மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பு. அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து உண்டு. ஆனால் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன், குழாய் அடைத்திருக்கிறதா வெடித்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தாக வேண்டும்; வெடித்திருந்தால் அதே மருந்து ஆபத்து. சிலருக்குக் குழாய் வழியாகக் கட்டியை எடுக்கும் சிகிச்சை இன்னும் சில மணி நேரம் கழித்தும் பயன்படலாம். ஆனால் இரத்தம் கிடைக்காத மூளைப் பகுதி நிமிடத்துக்கு நிமிடம் மடிந்துகொண்டிருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலி 50 கிலோ மீட்டருக்கு மேல். அந்தத் தூரத்துக்கும் நாலரை மணி நேரத்துக்குள்தான் இடம் காண வேண்டும்.

வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று ஏதோ போலிருந்தால், சிரிக்கச் சொல்லுங்கள்: வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரு கைகளையும் முன்னே நீட்டிக் கண்ணை மூடச் சொல்லுங்கள்: ஒரு கை மட்டும் கீழே இறங்குகிறதா? ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள்: சொல் குழறுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். பெரியவர்கள் "பொறு, பார்க்கலாம்" என்பார்கள். பொறுக்க வேண்டாம். சின்னப் பிள்ளை சொல்லி என்ன என்று தயங்கவும் வேண்டாம். அன்று எங்கள் வீட்டில் மணியைச் சரியாகச் சொல்லியிருக்கக்கூடியவன் பக்கத்தில் நின்ற நான் ஒருவன்தான். எனக்கு அது முக்கியம் என்று தெரியாது.

தாத்தாவைப் பார்க்க வந்தவர்கள், "கை கால் விழுந்துவிட்டதாமே" என்றார்கள். சரியான சொல். முதல் நாள்களில் வலக்கையைத் தூக்கிவிட்டால் 'பொத்'தென்று விழுந்தது, இறுக்கமே இல்லை. சில வாரங்களில் அது தலைகீழாக மாறியது. முழங்கை மடங்கி இறுகிக்கொண்டது. வேகமாக நீட்டப் பார்த்தால் அவ்வளவுக்கு எதிர்த்தது. மேலிருந்து அடக்கிவைக்கும் மூளையின் ஆணை அறுந்துபோனதால், தண்டுவடத்து அனிச்சைச் செயல் கட்டுக்கு அடங்காமல் மிகுந்துவிடுகிறது. மெல்ல நீட்டினால் அந்தக் கை அவ்வளவாக எதிர்க்காது. கதிர்கள் வேகத்தையும் அளக்கின்றன என்று முன்பு சொன்னேனே, அதனால்தான். இயன்முறை மருத்துவர் அவசரப்படாமல் நீட்டுவதன் காரணமும் இதுவே.

பிறக்கும்போதோ அதற்கு முன்போ மூளைக்குத் தீங்கு நேர்ந்த குழந்தைகளிடமும் இப்படி இறுக்கம் கூடியோ குறைந்தோ இருக்கும். உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கவனியுங்கள். தூக்கும்போது துணிபோலத் துவளுகிறதா? கால்கள் கத்தரிக்கோல்போலப் பின்னி விறைக்கின்றனவா? ஒரு வயதுக்கு முன்பே எப்போதும் ஒரே கையை மட்டும் நீட்டுகிறதா? வளரும் மூளை புது வழிகளைக் கற்றுக்கொள்ளும் திறன் மிக்கது. பயிற்சி முன்னதாகத் தொடங்கினால் பயன் அதிகம். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இத்தகைய குறைகளைத் தேடிக் கண்டறிய 2013 முதல் அரசுத் திட்டம் ஒன்று நாடெங்கும் நடக்கிறது. உங்கள் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு அதைச் சேர்ந்ததுதான். அவர்கள் வரும் நாளில் வீட்டுத் தம்பி தங்கையைப் பற்றியும் கேட்கலாம்.

தாத்தா ஆறு மாதத்தில் நடந்தார். விறைத்த வலக்காலை மடக்க முடியாததால் அரைவட்டமாக வீசி வைப்பார். கோலை வலக்கையில் பிடிக்க அவரால் இயலாது. இயன்றாலும் இடக்கைதான் சரி என்று இப்போது உங்களுக்குத் தெரியும். குழித்தறியை எங்கள் சித்தப்பா எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் தாத்தா மெல்ல வந்து தறிக்குப் பக்கத்தில் நிற்பார். கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடது உள்ளங்கையால் பாவை ஒருமுறை அழுத்திப் பார்த்து, "அரைச் சுத்து" என்பார். சித்தப்பா கயிற்றை அரைச் சுற்று இறுக்குவார்.